நிலம் இல்லாதவருக்கு நிலத்தடி நீரும் இல்லையா?

முகையூர் ஒன்றியத்தில் ஆய்வுக்காக ஊர் ஊராகப் போனபோது என் கையில் ஒரு படிவம் இருந்தது. கிணறா, போரா? எத்தனை அடி? எத்தனை குதிரைத்திறன் மோட்டார்? கரண்ட் சர்வீஸ் எந்த வருடம் வாங்கியது? என்ன பயிர்? கோடையில் எத்தனை மணி நேரம் தண்ணீர் அறுந்து போகாமல் ஓடுகிறது? ஊர்த்தெருவில் இந்தப் படிவத்தை நிரப்ப ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம் ஆனது. காலனியில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. "எங்களுக்கு ஏது தம்பி போரு? பைப்புல வுட்டா புடிப்போம். வுடலன்னா எந்த மோட்டார் கொட்டாய்ல ஓடுதோ அங்க போய் நிப்போம்" என்றார் ஓர் அம்மா. அவர் சொன்னதை எழுத என் படிவத்தில் இடமில்லை. 'பொருந்தாது' என்று ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அன்று மாலை எண்ணிப் பார்த்தபோது காலனிப் படிவங்கள் பெரும்பாலும் கோடுகளாகவே இருந்தன. நீர்வள ஆய்வு என்ற பெயரில் நாங்கள் செய்வது என்ன என்ற கேள்வி அந்தக் கோடுகளிலிருந்துதான் எனக்கு எழுந்தது.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் குறுவட்டம் குறுவட்டமாகக் கணக்கிட்டு வந்தார்கள். ஓர் ஆண்டில் பூமிக்குள் இறங்கும் நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்று பார்த்து, 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பானது, 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு என்று முத்திரை குத்துகிறார்கள். 2017 கணக்கின்படி மாநிலத்தின் 1,166 குறுவட்டங்களில் 462 அதிநுகர்வுக்கு ஆளானவை. இந்த எண்ணைச் சொல்லித்தான் எல்லாக் கருத்தரங்கும் தொடங்குகிறது. 'நாம் எல்லோரும் நீரை உறிஞ்சிவிட்டோம்', 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று பேச்சு நீளும். யார் உறிஞ்சியது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு குடம் நீருக்காக மோட்டார் கொட்டகை வாசலில் நிற்கும் பெண்ணும், மூன்று போர் போட்டுக் கரும்பு நட்டவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். குறுவட்டத்துக்குச் சாதி கிடையாது, போருக்கு உண்டு.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்பதற்கு இந்த நாட்டில் இன்றும் கைகாட்டப்படுவது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். ஒருவர் தன் நிலத்தின் எல்லைக்குள், அதன் அடியில் இருக்கும் நீரை எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். இதன் வேர் 1843-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஆக்டன் – பிளண்டெல் வழக்கில் சொன்ன தீர்ப்பு. பூமிக்கு அடியில் நீர் எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே நிலம் யாருடையதோ நீரும் அவருடையது என்று அன்றைய அறியாமையை அவர்கள் சட்டமாக்கினார்கள். இன்று நமக்குத் தெரியும். முகையூர்ப் பக்கத்துப் பாறை நிலத்தில் நீர் கிடப்பது மேலே உதிர்ந்த பாறைப் படுகையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும். அந்த வெடிப்பு பட்டா எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. ஒருவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டுவந்து 500 அடி இறக்கினால், பக்கத்துக் காணியில் இருக்கும் 40 அடிக் கிணறு வற்றுகிறது. வற்றிய கிணற்றுக்காரர் கேட்பதற்குச் சட்டத்தில் வழியில்லை. கிணறே இல்லாதவருக்கோ கேள்வி கேட்கும் தகுதிகூட இல்லை.

தமிழ்நாடு இதை மாற்ற முயன்றதே இல்லையா என்றால், முயன்றது. சென்னைப் பெருநகருக்கென்று 1987-இல் ஒரு சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்குமாக 2003-இல் நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் இயற்றப்பட்டது. பத்தாண்டுகள் அது நடைமுறைக்கே வரவில்லை. 2013-இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். பிறந்து, ஒரு நாளும் வாழாமல், செத்துப்போன சட்டம். கேரளத்தில் பிளாச்சிமடை வழக்கில் 2003 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர் என்றார். 2005-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நில உரிமையாளர் பக்கம் சாய்ந்து, குளிர்பான ஆலை நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. கேள்வி அங்கேயே தொங்குகிறது.

நிலத்தோடு நீர் போகும் என்றால், நிலம் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் நீரும் இருக்கும். 2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதி மக்கள் கிட்டத்தட்ட 29 விழுக்காடு. மாநில அளவில் 20 விழுக்காடு. ஆனால் விவசாயக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் அவர்கள் சாகுபடி செய்யும் பரப்பு பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அந்தப் பரப்பிலும் எவ்வளவு மேட்டு மானாவாரி, எவ்வளவு கிணற்றுப் பாசனம் என்று பிரித்தால் இன்னும் சுருங்கும். திண்டிவனம், விழுப்புரம் பகுதி இருளர்களின் நிலை இதையும் விட மோசம். பலர் ஏரிப் புறம்போக்கிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போட்டிருக்கிறார்கள். மனைப்பட்டா இல்லாததால் குழாய் இணைப்பு இல்லை. ஏரியை மீட்கிறோம் என்று 2007 சட்டத்தைக் கையில் எடுத்து அதிகாரிகள் வரும்போது முதலில் இடிபடுவது ஏரிக்கரையில் இருக்கும் இவர்களுடைய குடிசைதான். ஏரிக்கு அருகிலேயே வாழ்ந்து தண்ணீரில்லாமல் இருக்கும் மக்கள் இவர்கள்.

இந்த இடத்தில் மகாத்தை நினைவுபடுத்த வேண்டும். 1927 மார்ச் 20 அன்று புரட்சியாளர் அம்பேத்கர் சவுதார் குளத்தில் நீர் அருந்தியதை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். அதற்குப் பின் நடந்த வழக்கைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போனபோது தீட்டு என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகவில்லை. அந்தக் குளம் பொதுக்குளமே அல்ல, தீண்டத்தக்க சாதியாரின் தனிச்சொத்து போன்றது என்று வாதாடினார்கள். அந்த வாதத்தை முறியடிக்கப் பத்தாண்டுகள் ஆயின. 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளியது. தீட்டின் பெயரில் தடுக்க முடியாதபோது சொத்தின் பெயரில் தடுப்பது என்ற தந்திரத்தை அம்பேத்கர் அன்றே நேருக்கு நேர் சந்தித்தார்.

நம் மாநிலத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, பொதுக்கிணறு, குளம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்தது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு அதை நாடு முழுமைக்கும் அடிப்படை உரிமையாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொது நீர்நிலையைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை. ஆனால் கவனித்தீர்களா, எல்லாவற்றிலும் 'பொது' என்ற சொல் இருக்கிறது. நாம் பொதுக்கிணற்றுக்குள் நுழைந்த காலத்திலேயே தண்ணீர் பொதுக்கிணற்றை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டது. மின்சாரம் வந்தது, பம்பு செட் வந்தது, பிறகு போர் வந்தது. ஏரி தூர்ந்தது, ஊர்க்கிணறு குப்பைக்குழி ஆனது. தண்ணீர் முழுக்கத் தனியார் பட்டாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சவுதார் குளத்தைத் திறக்க ஒரு சட்டம் இருந்தது. கம்பிவேலிக்குள் இருக்கும் ஆறரை அங்குலக் குழாயைத் திறக்க எந்தச் சட்டம் இருக்கிறது?

இதில் நகைமுரண் என்னவென்றால், அந்தத் தனியார் போர் உண்மையில் அவ்வளவு தனியார் இல்லை. தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் கட்டணமில்லாமல் ஓடுகின்றன. இலவச மின்சாரத்தை நான் எதிர்க்கவில்லை. மின்கட்டணத்தை எதிர்த்து 1970 ஜூனில் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை. ஆனால் அதற்கான பணம் அரசுக் கருவூலத்திலிருந்து போகிறது. சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் போகிறது. தடுப்பணை கட்டி நீரைப் பூமிக்குள் இறக்குவதும் அரசுப் பணத்தில்தான். 15(2) பிரிவு என்ன சொல்கிறது? அரசு நிதியால் 'முழுதாகவோ பகுதியாகவோ' பராமரிக்கப்படும் கிணறுகள், குளங்கள் என்று சொல்கிறது. கருவூலப் பணத்தில் இறைக்கப்படும் போர் இந்த 'பகுதியாகவோ'வுக்குள் வருமா, வராதா? வழக்கறிஞர்கள் பலர் வராது என்றே சொல்வார்கள். மின்சாரம் மானியம், கிணறு சொத்து, இரண்டும் வேறு என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் இந்தக் கேள்வியை நம் தரப்பு ஒரு முறையாவது நீதிமன்றத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தடுப்பணை என்றதும் தளவானூர் நினைவுக்கு வரும். தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 25 கோடியில் கட்டிய தடுப்பணை சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டும் சேதமானது. இந்த ஊழலையும் அலட்சியத்தையும் பற்றி எல்லாக் கட்சிகளும் பேசின. பேச வேண்டியதுதான். ஆனால் அணை உடையாமல் நின்று, கரையோர ஊர்களில் நீர்மட்டம் பத்தடி ஏறியிருந்தால் அந்தப் பத்தடி யாருக்கு? கிணறும் சர்வீஸும் வைத்திருப்பவருக்கு. அணை கட்ட மண் சுமந்த கூலிக்கு அதில் பங்கு எது? நீர் செறிவூட்டல் பற்றிய திட்ட அறிக்கை எதிலும் இந்தக் கேள்வியை நான் படித்ததில்லை.

சரி, தலித் விவசாயிக்கும் போர் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? அரசு அப்படித்தான் நினைக்கிறது. தாட்கோ வழியாக விரைவு மின் இணைப்புக்கு 90 விழுக்காடு மானியம் இருக்கிறது. 5 குதிரைத்திறனுக்கு இரண்டரை லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். நல்ல திட்டம், பயன்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இணைப்பு வாங்கக் கிணறு வேண்டும், கிணற்றுக்கு நிலம் வேண்டும். நிலமும் இருந்து கிணறு தோண்டக் கடன் கேட்டால், 'உங்கள் குறுவட்டம் அதிநுகர்வுப் பட்டியலில் இருக்கிறது' என்று பதில் வருகிறது. புதிய கிணறுகளுக்கான வங்கிக் கடனும் மத்திய, மாநில அரசுகளின் கிணற்று மானியமும் பாதுகாப்பான பகுதிகளுக்குத்தான். ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு முழு மானியத்தில் போர் போட்டுத் தரும் திட்டத்துக்கும் அதே நிபந்தனை. ஐம்பது ஆண்டுகளாக யார் எடுத்து எடுத்துக் குறுவட்டத்தை வற்றவைத்தார்களோ அவர்களுடைய மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதுவரை ஒரு சொட்டும் எடுக்காதவர் வரிசையில் வந்து நிற்கும்போது, சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று கதவைச் சாத்துகிறார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள், வெளியே நிற்பவரிடம் பத்தியம் இருக்கச் சொல்வது போல. நிலத்தடி நீர் ஒழுங்குமுறை என்று 1970 முதல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய பழைய மாதிரி மசோதாக்களும் இப்படித்தான்: புதிதாகத் தோண்டுபவருக்கு அனுமதி வேண்டும், ஏற்கெனவே தோண்டியவர் பதிவு செய்தால் போதும்.

தண்ணீர் ஒருவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று கிராமத்தில் வளர்ந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கருக்குப் பக்கத்துப் போர்க்காரரிடம் தண்ணீர் வாங்கினால் மணிக்கு இவ்வளவு என்று பணம், அல்லது விளைச்சலில் பங்கு. அதோடு அவர் கூப்பிடும்போது வேலைக்குப் போக வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரம் முதலில் அவர் வயலுக்கு, மிச்சம் இருந்தால் நமக்கு. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் போன்றவர்கள் போட்டி போட்டுக் கிணற்றை ஆழப்படுத்துவதையும் நீர் விற்பனையையும் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறார்கள். நான் அதோடு சேர்ப்பது ஒன்றுதான்: காலனிப் பையன் ஒருவன் திருவிழாவில் வாய்த்தகராறு செய்தாலோ, காதலித்தாலோ, ஊர்க்கட்டுப்பாடு என்று முதலில் மூடப்படுவது வால்வு. பொதுக்கிணற்றைத் தடுத்தால் வன்கொடுமை வழக்கு போடலாம். 'என் மோட்டார், நான் போடல' என்றால் எந்தக் காவல் நிலையம் புகார் வாங்கும்?

குடிநீரிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி. இதை வசதி என்கிறார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்களின் தொட்டியில் மலம் கலந்தார்கள். அந்தத் தொட்டியிலிருந்து குடிப்பது தலித்துகள் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால்தானே அது சாத்தியமானது?

முகையூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டித் தென்கிழக்கே போனால் இருவேல்பட்டு. இந்தியக் கிராம ஆய்வுகளில் மிகப் பழைய பெயர்களில் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்த ஊர்களில் இதுவும் ஒன்று. 1930களிலும், 1961-லும், 1980களிலும் மீண்டும் ஆய்வு நடந்தது. கடைசியாக 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். ஒரே நிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்த ஊரில் அந்தப் பிடி தளர்ந்திருப்பதையும், மக்கள் விவசாயத்துக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதையும் அவர்கள் எழுதினார்கள். எனக்கு இதில் படுவது, தலித் மக்கள் தலைநிமிர்ந்தது ஊரை விட்டு வெளியே போன கூலியால் என்பதுதான். நிலமும் அதன் அடியில் உள்ள நீரும் அந்த விடுதலையில் பங்கெடுக்கவில்லை. அதே இருவேல்பட்டில்தான் 2024 டிசம்பரில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்ட பிறகு வந்த வெள்ளத்தில், நிவாரணம் கேட்டு மறியல் செய்த கூட்டத்திலிருந்து அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது.

வெளியூர்க் கூலி போதும், நிலத்தை விட்டுவிடலாம் என்று நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் அறிக்கை கொடுத்தார், 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது, தரிசுகள் நம் முன்னோருக்கு வழங்கப்பட்டன. அவை பறிபோனதை எதிர்த்து 1994 அக்டோபரில் காரணை போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். பஞ்சமி நில மீட்பை இதுவரை ஏக்கர் கணக்காகவே பேசி வந்தோம். ஓர் ஏக்கர் போனபோது அதன் அடியில் இருந்த நீரும், அங்கே தோண்டியிருக்கக்கூடிய கிணறும், வாங்கியிருக்கக்கூடிய சர்வீஸும், அந்தச் சர்வீஸ் வழியே வந்திருக்கக்கூடிய பல ஆண்டு இலவச மின்சாரமும் சேர்ந்தே போயின. மீட்புக் கோரிக்கையில் இந்தக் கணக்கும் வர வேண்டும்.

நிலத்திலிருந்து நீரைப் பிரிக்க முடியுமா என்று கேட்பவர்கள் புனே மாவட்டத்துப் புரந்தர் பகுதியைப் பார்க்கலாம். 1972 பஞ்சத்துக்குப் பிறகு விலாஸ்ராவ் சாளுங்கே அங்கே தொடங்கிய 'பானி பஞ்சாயத்'தில் நீர் நிலத்தின் அளவுக்கு அல்லாமல் ஆளின் எண்ணிக்கைக்குப் பங்கிடப்பட்டது. ஆளுக்கு அரை ஏக்கருக்கான நீர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கு. நிலமில்லாதவருக்கும் பங்கு உண்டு. கரும்பு கூடாது. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் ஆலைகள் இருக்கும் நம் மாவட்டத்தில் கடைசி விதியைச் சொன்னாலே சண்டை வரும். அங்கேயும் அந்தத் திட்டம் எல்லா ஊருக்கும் பரவிவிடவில்லை. ஆனாலும் பரம்பரைக் கிணற்றில் பங்காளிகள் முறை வைத்து இறைப்பதை நாள்தோறும் பார்க்கும் நமக்கு, பங்கு என்பது புரியாத சொல் இல்லை. அந்தப் பங்கைப் பங்காளிகளுக்கு வெளியே நீட்டுவதுதான் சாதிக்கு முடியாததாக இருக்கிறது.

2016-இல் மத்திய நீர்வள அமைச்சகம் வெளியிட்ட மாதிரி மசோதா நிலத்தடி நீரைப் பொதுச் சொத்தாகக் கொண்டு, நில உரிமையிலிருந்து பிரிக்கப் பார்க்கிறது. 2013-இல் சட்டத்தைப் புதைத்த தமிழ்நாடு, அந்த இடத்தில் புதிய சட்டம் கொண்டுவரும்போது இதைத் தொடக்கமாகக் கொள்ளலாம். ஆனால் அதிகாரத்தை ஊராட்சிக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தால், தலித் தலைவரை நாற்காலியில் உட்கார விடாத ஊராட்சியிடம் வால்வைக் கொடுத்ததாகிவிடும். அதிநுகர்வுக் குறுவட்டங்களிலும் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் கூட்டுக்கிணறு தோண்ட அனுமதி வேண்டும். அதற்கு ஈடாக மூன்று, நான்கு இணைப்பு வைத்திருப்பவரிடம் குறைக்க வேண்டும். சிறுபாசனக் கணக்கெடுப்பில் கிணற்றின் உரிமையாளர் எந்தச் சமூகப் பிரிவு என்ற கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதில்களைக் குறுவட்ட வாரியாக, நீர்மட்டக் கணக்கோடு சேர்த்து வெளியிட அரசுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

அடுத்த கோடையில் அதே ஊர்களுக்கு மறுபடி போகிறேன். படிவத்தை மாற்றியிருக்கிறேன். கிணறு இல்லாத வீட்டில் இனி கோடு போட முடியாது: தண்ணீர் யாரிடம் கேட்கிறீர்கள், அதற்குப் பணமாகவோ வேலையாகவோ என்ன தருகிறீர்கள், கடைசியாக எப்போது, எதற்காக மறுத்தார்கள் என்ற மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் களத்தில் இருக்கும் தோழர்கள் தங்கள் ஊர்களிலும் இந்த மூன்றையும் கேட்டு எழுதி வைக்க வேண்டுகிறேன்.